அவர்கள் கேட்டது ஒரு எக்செல் ஷீட் மட்டும்தானே?

பின்னலாடைத் தொழிலை நம்பியிருக்கும் ஓர் ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டக்கூடிய இரண்டொரு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 34. பி.காம். படித்தவர். 9 வருடமாக ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சிறு வியாபாரிகளுக்கான ஒரு ஃபேஸ்புக் குழுவில் கேள்விகளுக்குப் பதில் எழுத ஆரம்பித்தார். “ஜாப் ஒர்க்குக்குத் துணி அனுப்பினால் இ-வே பில் போடணுமா?”, “சப்ளையர் ரிட்டர்ன் போடலை, என் இன்புட் போயிடுமா?” என்கிற மாதிரி கேள்விகள். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. கொள்முதல் கணக்கையும் ஜிஎஸ்டிஆர்-2பியையும் (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை மாதாமாதம் காட்டும் போர்ட்டல் பட்டியல்) ஒப்பிட்டு, விடுபட்ட பில்லைச் சிவப்பில் காட்டும் எக்செல் ஷீட் ஒன்றையும் தயாரித்து, கேட்டவர்களுக்கெல்லாம் மெயிலில் அனுப்பினார். “எனக்கும் அனுப்புங்க மேடம்” என்று பலர் குழுவிலேயே மெயில் ஐடியைப் போட்டார்கள். சிலர் இன்பாக்சில் தந்தார்கள். இப்போது அவர் கையில் 640 முகவரிகள் இருக்கின்றன. அடுத்த வருடம் தனியாகத் தொழில் தொடங்கும்போது இதுதான் முதலீடு என்று நினைத்திருக்கிறார்.

போன மாதம் விஷயம் ஆடிட்டர் காதுக்குப் போனது. “ஆபீசில் கற்றுக்கொண்டதை வைத்துத்தானே சேர்த்தாய், லிஸ்ட் ஆபீசுக்குத்தான் சொந்தம். கொண்டு வா, நம்ம பெயரில் மெயில் போடலாம்” என்கிறார் அவர். அதே வாரத்தில் கடன் வாங்கித் தரும் ஏஜென்ட் ஒருவர் பட்டியலுக்கு 8,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். “ரெண்டு வருஷம் ராத்திரி கண்ணு முழிச்சதுக்கு இதாவது வரட்டும்” என்பது கணவரின் பேச்சு. பட்டியல் யாருடையது, அவர்களுக்கு மெயில் அனுப்பலாமா, விற்கலாமா, சொன்ன பதில் தப்பானால் தன் மேல் கேஸ் வருமா, இனிமேல் பாதிப் பதிலைக் குழுவில் போட்டுவிட்டு மீதிக்கு மெயில் ஐடி கேட்கலாமா என்று கேட்டிருக்கிறார். எக்செல் ஷீட்டையும், அனுப்புவதற்காக எழுதி வைத்த மெயிலின் வரைவையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு இந்தக் குழுவில் நீங்கள் எழுதிய பதில்களில் சிலவற்றையும் அனுப்பியிருந்தீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். 14ஆம் தேதி 2பி வந்ததிலிருந்து 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) கடைசி நாள் வரை ஒரு சின்ன வியாபாரிக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது தெரிந்தவர் எழுதிய பதில்கள் அவை. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அதனால்தான் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மறைத்து வைத்த ஷீட்

நீங்கள் அனுப்பிய எக்செல் கோப்பைத் திறந்தேன். கீழே ஒரே ஒரு தாள்தான் தெரிந்தது. வலது கிளிக் செய்து மறைத்தவற்றைக் காட்டச் சொன்னதும் இன்னொரு தாள் வந்தது. அதில் 41 வரிகள்: நூல் வியாபாரிகளின் பெயர்கள், 33 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண்கள், பில் தேதி, கிலோ, விலை. சூத்திரங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, ஆபீஸ் பார்ட்டி (வாடிக்கையாளர்) ஒருவரின் ஒரு மாதக் கொள்முதலை நீங்கள் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு தாளை அழிப்பதற்குப் பதிலாக மறைத்துவிட்டீர்கள். அந்தக் கோப்புதான் 640 பேருக்குப் போயிருக்கிறது.

ஜிஎஸ்டி எண்ணை யார் வேண்டுமானாலும் போர்ட்டலில் தேடிப் பார்க்கலாம், அது ரகசியம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எண் ரகசியம் இல்லைதான். ஆனால் யார் யாரிடம் எந்த விலைக்கு எத்தனை கிலோ வாங்கினார் என்பது போர்ட்டலில் கிடைக்காது. பக்கத்துத் தெரு போட்டியாளர் அதைப் பார்க்கத்தான் காத்திருப்பார். இன்னொன்றும் உண்டு. அந்த 15 எழுத்து எண்ணில் மூன்றாவதிலிருந்து பத்து எழுத்துகள் பான் எண். அந்த 15இல் ஆறாவது இடத்தில் ‘பி’ இருந்தால் அது தனிநபரின் பான். உங்கள் தாளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கின்றன.

சட்டப்படி இதன் கனம் உங்கள் ஆடிட்டர் மேல் விழும். ஆடிட்டர்களைக் கட்டுப்படுத்தும் 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர்கள் (சி.ஏ.) சட்டத்தில், தொழில்முறையில் கிடைத்த பார்ட்டியின் தகவலை அவர் சம்மதமில்லாமல் மூன்றாவது ஆளிடம் வெளிப்படுத்துவது தொழில் ஒழுங்கீனம் என்று இரண்டாம் அட்டவணை சொல்கிறது. வெளியே விட்டது ஊழியர்தானே என்று அவர் எளிதாகக் கை கழுவ முடியாது. ஆகவே இதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். கோபப்படுவார். வேலைக்கே பாதிப்பு வரலாம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவராகக் கண்டுபிடித்தால், தெரிந்தே ஆபீஸ் தகவலை வெளியே கொடுத்தீர்கள் என்ற பேச்சு வரும். அதை உடைப்பது இதைவிடக் கஷ்டம்.

அதோடு, 640 பேருக்கும் ஒரு சின்ன மெயில் போக வேண்டும். “முன்பு அனுப்பிய ஷீட்டில் பிழை இருக்கிறது, தயவுசெய்து அழித்துவிட்டு இதைப் பயன்படுத்துங்கள்” என்று சொல்லிப் புதிய கோப்பை இணையுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று விவரிக்க வேண்டாம். விவரித்தால் தேடாதவர்களும் தேடுவார்கள். அந்த மெயிலில் வேறு எதையும் கேட்காதீர்கள், எந்தச் சேவையையும் சொல்லாதீர்கள்.

பட்டியல் யாருடையது?

ஆபீசில் கற்றுக்கொண்டது ஆபீசுக்குச் சொந்தம் என்பது சட்டம் இல்லை. 9 வருடத்தில் உங்கள் கைக்கு வந்த திறமை உங்களோடுதான் வரும். வேலையை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கினாலும்கூட, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அது பொதுவாகச் செல்லாது. உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே கிடையாது என்கிறீர்கள்.

ஆனால் அவர் பக்கத்திலும் சில நியாயங்கள் இருக்கின்றன. பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். அந்த எக்செல் ஷீட்டின் முதல் வடிவத்தை மதிய இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் யாருடையது என்பது மட்டும் இதைத் தீர்மானிக்காது. ஷீட் போடுவது உங்கள் வேலையின் பகுதியா என்பதுதான் கேள்வி. ஆபீசிலும் அதையே பயன்படுத்தியிருந்தால் அவர் வாதத்துக்கு வலு உண்டு. வழக்காடுவதைவிட, வீட்டில் உட்கார்ந்து வெறும் தாளிலிருந்து புதிதாகப் போட்டுவிடுங்கள். உங்களுக்கு இரண்டு ராத்திரி வேலை. சோதனைக்குக் கற்பனைப் பெயர்களைப் போடுங்கள்.

முகவரிப் பட்டியல் விஷயம் வேறு. 1995இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. தபால் வழியே பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகவரிகளை, வேலையை விட்டுப் போன ஊழியர் எடுத்துப் பயன்படுத்தினார். பணமும் உழைப்பும் போட்டுச் சேர்த்த தொகுப்பு அது என்று சொல்லி நீதிமன்றம் அவரைத் தடுத்தது. பிறகு 2007இல் ஒரு சட்ட நூல் பதிப்பக வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிப்புரிமைக்கு வெறும் உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத் திறன் வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வெறும் முகவரி வரிசைக்குப் பதிப்புரிமை கேட்பது உங்களுக்கும் கடினம், அவருக்கும் கடினம். டெல்லி வழக்கில் நிறுவனம் தன் செலவில் சேர்த்தது. உங்கள் ஆடிட்டர் இதில் எதையும் சேர்க்கவில்லை. ராத்திரி, வீட்டில், உங்கள் பெயரில் எழுதிய பதிலைப் பார்த்து உங்களிடம் வந்தவர்கள் இவர்கள். பட்டியலை அவரிடம் ஒப்படைக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

ஒரு விதிவிலக்கு: அதில் 22 பேர் ஆபீசின் தற்போதைய பார்ட்டிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை திருத்தும் மெயில் போனதும் அந்த 22 பேரையும் எடுத்துவிடுங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டே முதலாளியின் பார்ட்டிகளைத் தன் பக்கம் இழுப்பதை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

ஆடிட்டரிடம் பேசும்போது இன்னொன்றை மெதுவாக நினைவூட்டலாம். அவர் பெயரில் இந்த 640 பேருக்கும் மெயில் போனால் மாட்டிக்கொள்பவர் அவர்தான். அதே 1949 சட்டத்தின் முதல் அட்டவணை, நேரடியாகவோ மறைமுகமாகவோ, சுற்றறிக்கை, விளம்பரம், தனிப்பட்ட கடிதம் என எந்த வழியிலும் பட்டயக் கணக்காளர் பார்ட்டி பிடிக்கக் கூடாது என்கிறது. வழக்கறிஞர்களான எங்களுக்கும் பார் கவுன்சில் விதி 36 இதே கட்டுப்பாட்டைப் போட்டிருக்கிறது. இந்தப் பதிலின் கீழே என் போன் நம்பர் இல்லாததற்கும் அதுதான் காரணம். நீங்கள் பட்டயக் கணக்காளர் இல்லை என்பதால் அந்தத் தடை உங்களுக்குக் கிடையாது. பி.காம். படிப்பை வைத்து ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்து தேர்வு எழுதலாம். தனியாகத் தொழில் தொடங்கும் முன் அதை முடித்துவிடுங்கள்.

மெயில் அனுப்பலாமா?

“இந்தியாவில் ஸ்பாம் மெயிலுக்குச் சட்டமே இல்லையாமே” என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான், மெயிலுக்கு இல்லை. தொல்லை தரும் மெயிலையும் குற்றமாக்கியிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நம்மைப் போன்றவர்களைத் தொடும் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம், நடைமுறைக்கு வருகின்றன. நீங்கள் தொழில் தொடங்கும் காலத்தில் அந்தச் சட்டத்தோடுதான் வாழ வேண்டும்.

அந்தச் சட்டத்தை ஒரே வரியில் சொல்வதென்றால்: எதற்காகத் தந்தார்களோ அதற்கு மட்டும். ஷீட் அனுப்பச் சொல்லி ஐடி தந்தவர், ஷீட்டுக்கு மட்டும்தான் சம்மதித்தார். மாதாமாதம் உங்கள் மெயில் வரலாம் என்று அவர் சொல்லவில்லை. சம்மதம் என்பது விவரம் தெரிந்து, கட்டாயமில்லாமல், தெளிவான ஒரு செயலால் தருவதாக இருக்க வேண்டும். பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. தந்த சுலபத்திலேயே அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும்.

“அவங்களே பப்ளிக்கா போட்டதுதானே?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. தாமாகவே பொதுவெளியில் வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் குழுவில் அட்மின் சேர்த்துக்கொண்டால்தான் உள்ளே போக முடியும். அதைப் பொதுவெளி என்று வாதாடலாம், நிற்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். இன்பாக்சில் தந்தவர்களுக்கு அந்த வாதமே கிடையாது. மேலும், வாதத்தில் ஜெயித்து என்ன செய்யப் போகிறீர்கள்? தன் கணக்கு வழக்கை நம்பிக் கொடுக்கப் போகிற ஒருவரிடம், “நீங்க பப்ளிக்கா போட்டீங்க, எடுத்துக்கிட்டேன்” என்று சொல்லித் தொழிலை ஆரம்பிக்க முடியாது.

ஆகவே மறுபடி கேளுங்கள். உங்கள் வரைவு “எங்கள் சேவைகள், கட்டண விவரம்” என்று ஆரம்பிக்கிறது. அதை எடுத்துவிட்டு, பிழை திருத்திய மெயில் போய் ஒரு வாரம் கழித்து, இப்படி எழுதலாம்:

“வணக்கம். நம் குழுவில் ஜிஎஸ்டி கேள்விகளுக்குப் பதில் எழுதுபவள் நான். 2பி ஒப்பிடும் ஷீட் கேட்டு உங்கள் மெயில் ஐடியைத் தந்திருந்தீர்கள். இனி மாதம் ஒரு முறை, தாக்கல் தேதிகளையும் மாறிய விதிகளையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பலாம் என்றிருக்கிறேன். என் கட்டணச் சேவை பற்றியும் எப்போதாவது அதில் சொல்வேன். வேண்டுமென்றால் ‘சரி’ என்று பதில் போடுங்கள். பதில் வராவிட்டால் இந்த மாதக் கடைசியில் உங்கள் முகவரியை அழித்துவிடுவேன்.”

இதற்கு எல்லோரும் பதில் போட மாட்டார்கள். பாதிப் பேர்கூடப் போடாமல் இருக்கலாம். வருத்தமாக இருக்கும். ஆனால் ‘சரி’ என்று எழுதிய நூறு பேர் உங்கள் மெயிலைத் திறப்பார்கள், சந்தேகம் வந்தால் உங்களைக் கேட்பார்கள். சொன்னபடி மற்றவற்றை அழித்தும்விடுங்கள், இன்னொரு கோப்பில் ஒளித்து வைக்காமல்.

அனுப்பும் முறையிலும் ஒரு எச்சரிக்கை. எல்லா முகவரியையும் ‘டூ’ கட்டத்தில் போட்டு ஒரே தடவையில் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. ஒவ்வொருவரின் முகவரியும் மற்ற 639 பேருக்கும் தெரிந்துவிடும். அதுவே ஒரு தரவுக் கசிவு. ‘சிசி’யும் அப்படித்தான். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் முடியாது. ‘பிசிசி’யில் போட்டு நாளுக்கு நூறு பேராகப் பிரித்து அனுப்புங்கள். பதில்கள் வந்த பிறகு, விலகும் இணைப்பைத் தானாகவே சேர்க்கும் மெயில் சேவை ஒன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எட்டாயிரம் ரூபாய்

விற்காதீர்கள். ஒரு முகவரிக்குப் பன்னிரண்டரை ரூபாய் வருகிறது. அந்தப் பணத்துக்காக, ராத்திரி 11 மணிக்கு உங்களை நம்பி ஐடி தந்தவருக்குக் கடன் வேண்டுமா என்று மெயில் வரப்போகிறது. எங்கிருந்து போனது என்று கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகாது. சட்டத்திலும் இதற்கு இடமில்லை. உங்கள் கணவர் உங்கள் தூக்கத்துக்காகத்தான் பேசுகிறார், அது எனக்குப் புரிகிறது. அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

பதில் தப்பானால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, இலவசமாகச் செய்வதைச் ‘சேவை’ என்ற வரையறைக்குள் கொண்டுவரவில்லை. ஆகவே குழுவில் நீங்கள் எழுதிய இலவசப் பதிலுக்காக நுகர்வோர் நீதிமன்றத்தில் உங்களை நிறுத்துவது கடினம். காசு வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து கதை மாறும். “இது பொதுவான தகவல், உங்கள் பில்களைப் பார்க்காமல் சொல்வது” என்று ஒவ்வொரு பதிலிலும் எழுதுங்கள். அது எல்லாப் பொறுப்பையும் கழற்றிவிடாது, ஆனால் படிப்பவரை யோசிக்க வைக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது பழைய பதில்களைப் பற்றி. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு பழைய 12, 28 சதவீத வரி விகிதங்களில் இருந்த பெரும்பாலான பொருட்கள் வேறு விகிதத்துக்கு மாறிவிட்டன. அதற்கு முன் நீங்கள் எழுதிய பதில் தேடலில் இன்னமும் வரும், உங்கள் பெயரோடு. பிரபலமான பத்துப் பதில்களையாவது எடுத்து, மேலே தேதி போட்டு, மாறியிருந்தால் மாறிவிட்டது என்று எழுதுங்கள். கேட்டவரின் கடைப் பெயர், பில் படம் எதையும் உங்கள் மாத மெயிலில் உதாரணமாகக் காட்டாதீர்கள்.

பாதிப் பதில் போடலாமா?

வேண்டாம் சகோதரி. அரைகுறைப் பதிலைப் படித்து 3பியைத் தள்ளிப்போட்டவருக்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. மீதிப் பதில் உங்கள் மெயிலில் காத்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. இதுவரை 640 பேர் உங்களைத் தேடி வந்தது நீங்கள் முழுசாகச் சொன்னதால்தான். கேள்விக்கான பதிலைக் குழுவிலேயே முழுதாகக் கொடுங்கள். குழுவில் கொடுக்க முடியாதவை சில இருக்கின்றன: ஷீட், மாதத் தேதிப் பட்டியல், ஜாப் ஒர்க் சலான் மாதிரி. அவற்றுக்கு ஐடி கேளுங்கள். கேட்கும் இடத்திலேயே, “ஷீட் மட்டும் போதுமா, மாத மெயிலும் வேண்டுமா?” என்று இரண்டு கட்டமாகப் பிரித்துக் கேளுங்கள். ஷீட் மட்டும் போதும் என்றவருக்கு ஷீட்டை மட்டும் அனுப்புங்கள்.

வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்: ஆடிட்டரிடம் பேசுவது, புதிய ஷீட், பிழை திருத்தும் மெயில், பிறகு சம்மதம் கேட்கும் மெயில். கடைசி மெயிலை 14ஆம் தேதிக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். 2பி வந்துவிட்டால் 20 முடியும்வரை உங்கள் ஆட்கள் வேறு எதையும் திறந்து படிக்கப் போவதில்லை.